ஆறு மணிக்கும் ஒன்பது மணிக்கும் நடுவில்

1937ஆம் ஆண்டு அக்டோபர் முதல் தேதி, சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியாக (இன்றைய முதலமைச்சர் பதவி) பொறுப்பேற்றுச் சில மாதங்களே ஆகியிருந்த ராஜாஜி, சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். அன்றைய சேலம் மாவட்டம் மிகப் பெரியது; இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் மாவட்டங்கள் எல்லாம் அதற்குள் அடங்கியிருந்தன. நான் பிறந்து வளர்ந்த திருச்செங்கோட்டு வட்டாரமும் அதில் ஒரு பகுதி. மாகாணம் முழுவதும் கள்ளுக்கடைகளையும் சாராயக்கடைகளையும் மூட முடியுமா என்பதை அரசு முதலில் எங்கள் ஊர்களில்தான் செய்து பார்த்தது. பல ஆண்டுகள் குடிநோயாளியாக இருந்து, மருத்துவத்தாலும் என்னைப் போன்றவர்களின் துணையாலும் மீண்டு வந்த எனக்கு, இது ஊர்ப்பெருமை பேசுவதற்கான செய்தி மட்டுமாக இல்லை. சிகிச்சைக் காலத்தில் நான் தனியொருவனாகக் கற்றுக்கொண்ட பாடங்களில் முக்கியமான சிலவற்றை, ஒரு நிர்வாகம் மாவட்ட அளவில் முன்பே செய்து பார்த்திருக்கிறது. அதனால்தான் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

என் தொழில் போர்வெல். திருச்செங்கோட்டிலிருந்து ரிக் வண்டிகள் ஆந்திரம், கர்நாடகம், மத்தியப் பிரதேசம் என்று நாடெங்கும் போய்க் குழாய்க்கிணறு தோண்டுவது பலருக்கும் தெரிந்திருக்கும். ஒரு வண்டி கிளம்பினால் பல மாதங்களுக்கு ஊர் திரும்பாது. நான் அப்படிப்பட்ட வண்டிகளில் மேனேஜராக இருந்தேன். பாயிண்ட் பேசுவது, அடி கணக்குப் பார்ப்பது, டீசல் போடுவது, ஆட்களுக்குப் படி அளப்பது எல்லாம் என் வேலை. பகல் முழுவதும் கம்ப்ரசர் சத்தத்திலும் பாறைத்தூளிலும் நின்றுவிட்டு, வண்டியை நிறுத்திய பிறகு காது அடைத்துப் போயிருக்கும். உடம்பெல்லாம் வெள்ளைத்தூள் ஒட்டியிருக்கும். அந்த நேரத்தில் ஊரும் இல்லை, வீடும் இல்லை, பேசுவதற்கு வேற்று மொழி மட்டுமே இருக்கும். குளித்து முடித்ததும் குவாட்டரைத் திறப்பது அன்றைய வேலை முடிந்ததற்கான அடையாளமாகவே எங்களுக்கு ஆகிப்போயிருந்தது. யாரும் அதைக் கெட்ட பழக்கம் என்று சொல்லிக்கொள்ளவில்லை. உடம்பு வலிக்குக் குடிக்கிறோம் என்றுதான் எல்லோரும் சொன்னோம், அதை நம்பவும் செய்தோம்.

ஒரு குவாட்டரில் உண்மையில் எவ்வளவு இருக்கிறது என்பதை நான் மருத்துவமனையில்தான் தெரிந்துகொண்டேன். 180 மில்லி பாட்டிலில் 42.8 சதவீதம் எத்தனால் இருக்கிறது. அதாவது சுமார் 77 மில்லி, எடையில் ஏறக்குறைய 60 கிராம். ஆரோக்கியமான ஒருவரின் கல்லீரலால் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 7 முதல் 10 கிராம் வரைதான் எரித்து முடிக்க முடியும். அப்படியானால் ஒரே ஒரு குவாட்டரைக் கழிக்கவே உடம்புக்கு ஏறக்குறைய ஆறு முதல் ஒன்பது மணி நேரம் வேண்டும். இரவு பத்து மணிக்கு இரண்டாவது குவாட்டரை முடித்தவர் காலை ஆறு மணிக்கு வண்டியை எடுக்கும்போது, தான் தெளிந்துவிட்டதாக நினைத்தாலும், அவருடைய இரத்தத்தில் மது இன்னும் இருக்கிறது. இது ரிக் வண்டிக்காரர்களும் லாரிக்காரர்களும் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு. எலுமிச்சை, மோர், குளிர்ந்த நீர்க் குளியல், கறுப்புக் காப்பி எதுவும் அந்தக் கணக்கை மாற்றாது. குறைவாகக் குடித்தால் பரவாயில்லை என்ற எண்ணத்துக்கும் இன்று மருத்துவத்தின் துணை இல்லை. எந்த அளவும் பாதுகாப்பானதல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் வெளிப்படையாகவே அறிவித்துவிட்டது.

எங்கள் பக்கத்தில் குடிப்பவர்கள் பலரும் வருடத்தில் ஒரு முறையாவது குடியை விடுவார்கள். கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போடுவதுதான் அந்தச் சமயம். நானும் போட்டிருக்கிறேன். மாலை கழுத்தில் இருக்கும் வரை ஒரு சொட்டுக்கூட உள்ளே போகாது; மலையிலிருந்து இறங்கி மாலையைக் கழற்றிய அன்றைக்கோ மறுநாளோ பழையபடி ஆகிவிடும். இதைப் பார்த்துவிட்டு, "சாமிக்குப் பயந்து விட முடிந்தவனுக்கு, பெண்டாட்டி பிள்ளைகளுக்காக விட முடியாதா?" என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான், ஆனால் அதற்கான பதில் பயத்தில் இல்லை. விரத நாட்களில் ஒரு மனிதனுடைய பொழுது முழுவதும் மாறிப்போகிறது. விடியற்காலையில் குளிக்கிறான், மாலையில் மறுபடியும் குளித்து, பூஜைக்கும் பஜனைக்கும் போகிறான், கடைக்குப் போகும் வழியில் அவனைப் பார்க்கிறவர்கள் 'சாமி' என்று கூப்பிட்டு வழிவிடுகிறார்கள், கூடக் குடித்தவர்களே "சாமி மாலை போட்டிருக்குது" என்று சொல்லி அவனை அழைக்காமல் விட்டுவிடுகிறார்கள், அவனைப் போலவே விரதம் இருப்பவர்கள் பத்துப் பேர் தினமும் அவனுக்காகக் காத்திருக்கிறார்கள். மாலையைக் கழற்றும்போது இவை அத்தனையும் சேர்ந்தே கழன்றுவிடுகின்றன. மன உறுதி என்னவோ அதே அளவுதான் இருக்கிறது. அதைத் தாங்கி நின்ற ஏற்பாடுகள்தாம் இல்லாமல் போகின்றன.

இந்த மாலை போடும் வழக்கத்தில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. அதை நான் என் உடம்பிலேயே பார்த்தேன். பல வருடங்கள் தினமும் குடித்த பிறகு ஒரு கார்த்திகையில் சட்டென்று நிறுத்தினேன். முதல் நாள் மாலை கற்பூரத் தட்டைப் பிடிக்க முடியாதபடி கை நடுங்கியது, வியர்வை கொட்டியது, இரவு கண் மூடவில்லை. மூன்றாம் நாள், போர்வையில் எறும்பு ஊர்வதாகச் சொல்லி, இல்லாத எறும்புகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே போட்டுக்கொண்டிருந்தேன் என்று என் தம்பி பிறகு சொன்னான். எனக்கு அது நினைவில்லை. சாமி குத்தம் என்று பக்கத்து வீட்டார் சொன்னதைக் கேட்காமல் அவன் என்னை அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனதால்தான் இன்று இதை எழுதுகிறேன்.

தினமும் அதிகமாகக் குடித்து வந்தவர் திடீரென்று நிறுத்தும்போது, ஆறு மணி நேரத்திலிருந்து நடுக்கமும் படபடப்பும் தொடங்கலாம். இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் புத்தி தடுமாறி, இல்லாததைக் கண்டு பேசும் நிலை வரலாம். அந்தக் கடைசி நிலையைக் கவனிக்காமல் விட்டால் உயிரே போகும். மூளை பல ஆண்டுகளாக மதுவின் அழுத்தத்தை எதிர்த்துத் தன்னை முறுக்கேற்றி வைத்திருக்கிறது. அழுத்தம் திடீரென விலகும்போது அந்த முறுக்கு முழுவதும் கட்டுப்பாடில்லாமல் வெளிப்படுகிறது. மருத்துவர்கள் இதற்கென்று ஒரு வகை மாத்திரையைக் கொடுத்து, நாளுக்கு நாள் அளவைக் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்துகிறார்கள். கூடவே தையமின் எனப்படும் வைட்டமின் பி1 ஊசியும் போடுகிறார்கள். குடிப்பவர்கள் உடம்பில் இந்தச் சத்து தீர்ந்துபோயிருக்கும். அது போதாத நிலையில் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மூளைக்குப் பாதிப்பு கூடிவிடலாம் என்பதால் தையமினை முதலில் கொடுப்பது வழக்கம். தெருமுனைக் கிளினிக்கில் "ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க, சரியாப்போயிடும்" என்று கேட்டு வாங்குபவர்கள் தயவுசெய்து இதை நினைவில் வையுங்கள். எப்போதாவது ஒரு முறை குடிப்பவருக்கு இந்த அபாயம் இல்லை. காலையில் கை நடுங்கி, அந்த நடுக்கத்தை நிறுத்தவே குடிக்கிறவர் எவரும் மருத்துவர் துணையில்லாமல் வீட்டில் நிறுத்தக் கூடாது.

நடுக்கம் அடங்கி, சாப்பாடு இறங்கத் தொடங்கிய பிறகு, அங்கிருந்த ஆலோசகர் அம்மா என்னிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, கடைசியாகக் குடித்த சில வாரங்களை நினைவிலிருந்து எழுதச் சொன்னார். எத்தனை மணிக்குக் குடித்தேன், எங்கே, யாருடன், கையில் எவ்வளவு பணம் இருந்தது, அதற்கு முன் கடைசியாக எப்போது சாப்பிட்டேன் என்று கட்டம் போட்டு எழுத வேண்டும். எழுதி முடித்துப் பார்த்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. கவலை, சண்டை, உடம்பு வலி என்று நான் காரணம் சொல்லிவந்தவை எல்லாம் நாளுக்கு நாள் மாறின; மாறாமல் இருந்தது நேரம் மட்டும்தான். மாலை ஆறு மணிக்கும் ஒன்பது மணிக்கும் நடுவில், மதியத்துக்குப் பின் ஒன்றும் சாப்பிடாத வயிற்றோடு, பையில் பணத்தோடு, அதே நான்கு பேருடன். "உங்க குடி இந்த மூணு மணி நேரத்துக்குள்ளதாங்க இருக்குது. மிச்சம் இருபத்தோரு மணி நேரத்தை விட்டுடுங்க, இதை மட்டும் பார்ப்போம்" என்றார் அவர். வாழ்நாள் முழுவதும் குடிக்கக் கூடாது என்ற நினைப்பு என்னை மலைக்க வைத்திருந்தது. மூன்று மணி நேரம் என்று கேட்டதும் மனதில் ஒரு பிடிமானம் கிடைத்தது.

வரலாற்றின் பக்கம் எனக்குக் கவனம் திரும்பியது இதன் பிறகுதான். என் அப்பத்தாள் 1937இல் கல்யாணமாகாத பெண். கள்ளுக்கடை மூடிய கதையை அவர் எங்களுக்குப் பல முறை சொல்லியிருக்கிறார்; நாங்கள் காதில் போட்டுக்கொண்டதில்லை. சந்தை நாளில் ஆண்கள் வெளிச்சம் இருக்கும்போதே வீடு திரும்பியதும், தன் தகப்பனார் முதன்முதலாகச் சந்தையிலிருந்து பொரிகடலையும் ஒரு முழு ரவிக்கைத் துணியும் வாங்கி வந்ததும் அவர் நினைவில் கடைசி வரை நின்றன. சாயங்காலம் மரத்தடியில் கூத்தும் பஜனையும் நடந்ததை அவர் சொன்னபோது, அது ஊர்த் திருவிழா நினைவு என்றுதான் நான் எண்ணியிருந்தேன். பின்னால் படித்தபோது, அது அரசின் திட்டத்திலேயே இருந்தது என்று தெரிந்தது. கடைகளை மூடியதோடு நிற்காமல், கூலிவேலை முடித்து வருகிறவர்களின் மாலைப்பொழுதுக்கு விளையாட்டு, கூத்து, பஜனை என்று அதிகாரிகளே ஊர்களில் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். கள் இறக்கிப் பிழைத்த மரமேறிகளுக்கு, பானையில் சுண்ணாம்பு தடவிப் பதநீர் இறக்கவும் வெல்லம் காய்ச்சவும் வழி செய்து கொடுத்திருக்கிறார்கள். என் நோட்டில் இருந்த கட்டங்களை ஒரு மாவட்டத்தின் அளவுக்குப் பெரிதாக்கிப் பார்த்தது போல் எனக்கு அது தோன்றியது.

இது திடீரென்று உதித்த யோசனையும் அல்ல. சேலத்தில் வக்கீலாக இருந்து, நகராட்சித் தலைவராகவும் பணியாற்றிய ராஜாஜி, 1925இல் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கி, குடும்பத்தோடு அங்கேயே வாழ்ந்தார். கதர் நூற்பும் தீண்டாமை ஒழிப்பும் மதுவிலக்கும்தான் அந்த ஆசிரமத்தின் வேலைகள். 1929இல் 'விமோசனம்' என்று மதுவிலக்குக்காகவே ஒரு பத்திரிகை அங்கிருந்து வந்தது. பின்னாளில் கல்கி என்று புகழ்பெற்ற ரா. கிருஷ்ணமூர்த்தி அதில் ராஜாஜிக்குத் துணையாக இருந்தார். படிக்கத் தெரியாதவர்களுக்கும் செய்தி போய்ச்சேர வேண்டும் என்று அதில் படங்கள் போட்டார்கள். அதற்கும் முன்பே, 1921இல், ஈரோட்டில் கள்ளுக்கடை மறியலில் பெரியாரின் மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் தெருவில் இறங்கி நின்றார்கள். சேலம் தாதம்பட்டியில் இருந்த தம் குடும்பத் தோப்பின் தென்னை மரங்களைக் கள்ளுக்குப் பயன்படக் கூடாது என்று பெரியார் வெட்டிச் சாய்த்ததும் அந்தக் காலத்தில்தான். பின்னாளில் எத்தனையோ விஷயங்களில் எதிரெதிராக நின்ற இருவர், இந்த ஒன்றில் ஒரே பக்கம் நின்று தொடங்கியவர்கள் என்பதை எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை.

பணத்தைப் பற்றியும் அன்றைக்கு நேர்மையாக யோசித்திருக்கிறார்கள். கள், சாராய ஏலமும் மரவரியும் சேர்ந்த ஆப்காரி வருமானம் அப்போது மாகாண வருவாயில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. அது போனால் ஏற்படும் குறையை ஈடுகட்டத்தான் 1939இல் பொது விற்பனை வரி கொண்டுவரப்பட்டது. ஏழையின் கூலியிலிருந்து சாராயக்கடை வழியாக எடுத்த பணத்தை, பொருள் வாங்கும் எல்லோரிடமிருந்தும் சிறிது சிறிதாக எடுப்பது என்று மாற்றினார்கள். விற்பனை வரி நின்றது, வளர்ந்தது, 2017இல் சரக்கு மற்றும் சேவை வரியாகவும் மாறிவிட்டது; மதுவுக்கு மட்டும் அந்தப் புதிய வரியில் இடமில்லை, அதன் வருமானம் தனியாக மாநிலத்துக்கு வருகிறது. 2023-24ஆம் ஆண்டில் டாஸ்மாக் வழியாகத் தமிழ்நாட்டு அரசுக்கு வந்தது 45,000 கோடி ரூபாய்க்கு மேல். மாற்று வருமானமும் இருக்கிறது, பழைய வருமானமும் பல மடங்காகத் திரும்பி வந்திருக்கிறது என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

இடையில் நடந்தவற்றை நீட்ட வேண்டியதில்லை. போர்க்காலத்தில், ராஜாஜி அமைச்சரவை விலகிய பிறகு, மதுவிலக்கு நிறுத்தி வைக்கப்பட்டது. 1946 முதல் படிப்படியாகத் திரும்பி, 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுவதற்கும் வந்தது. 1971இல் விலக்கப்பட்டது, 1974க்குள் மறுபடியும் கொண்டுவரப்பட்டது, 1981இல் மீண்டும் கடைகள் திறந்தன. 1983இல் தொடங்கிய டாஸ்மாக், 2003இலிருந்து சில்லறை விற்பனையையும் தானே நடத்துகிறது. என் அப்பா வாலிபராக இருந்த காலத்தில் எங்கள் ஊரில் கடை இல்லை. நான் முதல் சம்பளம் வாங்கிய காலத்தில் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரிலேயே கடை இருந்தது. எங்கள் இருவரின் குணத்தில் பெரிய வேறுபாடு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. மதுவிலக்குக் காலத்திலும் கள்ளச்சாராயம் இருந்தது என்பதை மறைக்கவும் எனக்கு விருப்பமில்லை. கடைகள் திறந்திருக்கும் காலத்திலும் அது ஒழியவில்லை. சேலத்துக்குப் பக்கத்து மாவட்டமான கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் இறந்தார்கள். பலர் சேலம் அரசு மருத்துவமனைக்குத்தான் கொண்டுவரப்பட்டார்கள். மெத்தனாலைக் கல்லீரல் ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது. அது கண் நரம்பை அழிக்கிறது, இரத்தத்தை அமிலமாக்குகிறது. குடித்த சில மணி நேரத்துக்குப் பிறகு வயிற்று வலியும் மங்கலான பார்வையும் வந்தால் அது போதையின் மிச்சம் என்று படுக்க வைக்கக் கூடாது. உடனே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும், அங்கே அதற்கு மாற்று மருந்து உண்டு. கடையை மூடச் சொல்லிப் போராடியே உயிர் விட்டவரும் எங்கள் பக்கத்தில் இருந்தார். சேலத்துக் காந்தியவாதி சசிபெருமாள், 2015 ஜூலை 31 அன்று கன்னியாகுமரி மாவட்டம் உண்ணாமலைக்கடையில் ஒரு மதுக்கடையை அகற்றக் கோரிச் செல்பேசிக் கோபுரத்தின் மேல் நின்று போராடியபோது இறந்தார்.

கடை எப்போது மூடும் என்று காத்திருக்க ஒரு குடிநோயாளிக்கு நேரம் இல்லை. 1937இல் அரசு ஊருக்குச் செய்ததை நான் என் ஒருவனுக்கு மட்டும் செய்துகொள்ள வேண்டியிருந்தது. முதலில் மாற்றியது சாப்பாட்டு நேரத்தை. மாலை ஐந்தரை மணிக்கே வயிறு நிறையச் சாப்பிட்டுவிடுவது என்று வைத்துக்கொண்டோம். சோறும் பருப்பும், அல்லது ராகிக் களியும் கீரைக் கடைசலும், கூடவே முட்டை. எதுவானாலும் முழுச் சாப்பாடு. "ஏனுங்க, தட்டு வெச்சாச்சு, வந்து உக்காருங்க" என்று என் மனைவி தினமும் ஐந்தரைக்குக் கூப்பிடுவார். பசித்தாலும் பசிக்காவிட்டாலும் உட்காருவேன். நிறைந்த வயிற்றில் மது மேல் ஆசை பாதியாகக் குறைகிறது. இதை நான் சொல்லிக் கேட்டுச் செய்து பார்த்தவர்களும் அதையே சொல்கிறார்கள். குடியை விட்ட புதிதில் இனிப்பின் மேல் ஆசை அதிகமாக வரும். முதல் சில மாதங்களுக்கு ஒரு கடலை மிட்டாயோ பேரீச்சம்பழமோ சட்டைப்பையில் இருப்பது நல்லது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். பீடி, சிகரெட், ஹான்ஸ் ஆகியவற்றின் அளவு இந்தக் காலத்தில் தானாகவே ஏறும். அதைக் கண்டுகொள்ளாமல் விட்டால் ஒரு நோய்க்குப் பதில் இன்னொன்று வந்து உட்காரும்.

அடுத்தது பணம். மேனேஜர் வேலையில் எப்போதும் கையில் ரொக்கம் புழங்கும். ஊருக்குள்ளேயே இருக்கும் கணக்கு வேலைக்கு மாறிக்கொண்டேன். சம்பளம் குறைந்தது, ஆனால் அது நேராக வங்கிக்குப் போனது, ஏடிஎம் அட்டை மனைவியிடம் இருந்தது. இதில் மானக்குறைவு எதுவும் இல்லை. கடைக்கு முன்னால் போகாத வழியாக வீடு திரும்பினேன். அது சுற்று வழிதான். பழைய நண்பர்களிடம் பகை வைத்துக்கொள்ளவில்லை, காலை வேளையில் டீக்கடையில் பார்த்துப் பேசினேன். மாலை ஆறு மணிக்கு மேல் வரும் அவர்களுடைய அழைப்புகளை மட்டும் எடுக்கவில்லை.

ஆறு மணியிலிருந்து ஒன்பது மணி வரையிலான நேரத்தை நிரப்பியது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம். 1935இல் அமெரிக்காவின் அக்ரான் நகரில் குடியால் கெட்டுப்போன இருவர் ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டதில் தொடங்கிய இயக்கம் இது. இங்கே தமிழிலேயே கூட்டங்கள் நடக்கின்றன. கட்டணம் இல்லை, முழுப்பெயர் சொல்ல வேண்டியதில்லை, சாதி கேட்பதில்லை. தறி ஓட்டுகிறவர், வாத்தியார், லாரி உரிமையாளர் எல்லோரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, அன்றைய ஒரு நாளைக்கு மட்டும் குடிக்காமல் இருப்பதைப் பற்றிப் பேசுவார்கள். பசி, கோபம், தனிமை, களைப்பு ஆகிய நான்கில் எது இருந்தாலும் முதலில் அதைத் தீர்த்துவிட்டுப் பிறகு யோசி என்பது அங்கே எல்லோரும் சொல்லும் பாடம். குடிக்க வேண்டும் என்ற உந்துதல் அலை போல எழுந்து, பெரும்பாலும் இருபது முப்பது நிமிடங்களில் தானே தணிந்துவிடும். அந்த நேரம் ஒருவரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாலே கடந்துவிடலாம். பேசுவதற்கு இரவு எந்நேரமும் எடுக்கும் ஓர் எண் இருக்க வேண்டும், அதைத்தான் கூட்டம் தருகிறது. கூட்டம் இல்லாத நாட்களில் நடந்தேன். திருச்செங்கோட்டு மலையின் படிகளில் மாலையில் ஏறி இறங்குகிறவர்கள் பலர் உண்டு. நானும் அவர்களில் ஒருவன் ஆனேன். களைத்த உடம்புக்குத் தூக்கம் மெதுவாகத் திரும்பியது. மது தூக்கத்தைத் தருவதாகத் தோன்றினாலும் இரவின் பின்பாதியைக் குலைத்துவிடுகிறது. விட்ட பிறகு தூக்கம் சீராவதற்குச் சில மாதங்கள்கூட ஆகலாம். தூக்கம் வரவில்லையே என்று மறுபடி குடிக்கத் தொடங்குகிறவர்கள் மிகப் பலர் என்பதால் இதை முன்கூட்டியே தெரிந்து வைத்திருக்க வேண்டும். கல்லீரலில் கொழுப்பு மட்டும் படிந்திருந்தால், குடியை விட்ட சில வாரங்களிலேயே அது குறையத் தொடங்கும். கல்லீரல் சுருக்கம் வரை போய்விட்டால் பழைய நிலைக்குத் திரும்புவது அரிது, ஆனால் அப்போதும் நிறுத்துவது ஆயுளைக் கூட்டும்.

கொங்குப் பகுதியில் இப்போது கள் இறக்க அனுமதி வேண்டும் என்ற குரல் வலுவாக இருக்கிறது. கள் உணவுதானே, போதை அல்ல என்று விவசாயிகளில் பலர் சொல்கிறார்கள். பனை, தென்னை வைத்திருக்கும் அவர்களின் வாழ்வாதார நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் குடியிலிருந்து மீண்டவனுக்குக் கள்ளும் மதுதான். அதில் சில சதவீதம் எத்தனால் இருக்கிறது, அந்தச் சில சதவீதமே பழைய வழியைத் திறந்துவிடப் போதுமானது. சுண்ணாம்பு சரியாகத் தடவாத பானையில் இறக்கிய பதநீர்கூட வெயில் ஏற ஏறப் புளித்துவிடும். மரத்தடியில் காலையிலேயே வாங்கிக் குடிப்பது எனக்குப் பிடித்தமான காரியம். மதியத்துக்கு மேல் விற்பதை நான் தொடுவதில்லை.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு விஷயத்தை வலியுறுத்திச் சொல்ல வேண்டும். 'குடிப்பவருக்குத் தெரியாமலேயே குடியை நிறுத்தலாம்' என்று சுவர்களிலும் பேருந்துகளிலும் விளம்பரங்கள் இருக்கின்றன. சாம்பாரிலும் காப்பியிலும் கலந்து கொடுக்கச் சொல்லும் அந்தப் பொடிகளில் என்ன இருக்கிறது என்று வாங்குபவருக்குத் தெரியாது. டைசல்ஃபிராம் என்ற மாத்திரை முறையான சிகிச்சையில் உண்மையாகவே பயன்படுகிறது. அதை உட்கொண்டவர் மது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, இரத்த அழுத்தம் சரிந்துவிடும். இதய நோய் உள்ளவருக்கு உயிருக்கே ஆபத்தாகலாம். கடைசி மாத்திரைக்குப் பிறகு இரண்டு வாரம் வரைகூட இந்த விளைவு இருக்கும். எனவே நோயாளி முழுமையாகத் தெரிந்து, சம்மதித்து, மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே அதைச் சாப்பிட வேண்டும். தெரியாமல் கலந்து கொடுப்பது வைத்தியம் ஆகாது. குடும்பத்தாருக்கென்று அல்-அனான் என்ற தனிக் கூட்டங்கள் இருக்கின்றன. குடிக்கிறவர் வர மறுத்தாலும் அவருடைய மனைவியோ தாயோ தனியாகப் போகலாம். என் மனைவி எனக்கு முன்பே உதவி தேடிப் போனவர். மீண்டவர்கள் மறுபடி ஒரு நாள் குடித்துவிட்டால், எல்லாம் போயிற்று என்று கைவிடாமல், மறுநாளே மருத்துவரிடமோ கூட்டத்துக்கோ அழைத்துப் போவதுதான் செய்ய வேண்டியது. இந்த நோயில் சறுக்கல் அரிதான ஒன்று அல்ல.

முதல் முறையாக மருத்துவமனைக்குப் போகிறவர்கள், போவதற்கு முன் ஒரு தாளில் சில விவரங்களை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்: தினமும் எவ்வளவு குடிக்கிறார், கடைசியாகக் குடித்தது எத்தனை மணிக்கு, முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா, இல்லாததைக் கண்டு பேசினாரா, சர்க்கரை, இரத்த அழுத்தம், வலிப்பு ஆகியவற்றுக்கு மருந்து எடுக்கிறாரா. இவற்றுக்குச் சரியான பதில் இருந்தால் மருத்துவரின் வேலை பாதி முடிந்தது போல. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவிலேயே இதற்குச் சிகிச்சை கிடைக்கும். எங்கே போவது என்றே தெரியாதவர்கள், மத்திய அரசின் போதை மீட்புக்கான கட்டணமில்லா எண்ணான 14446க்கோ, மனநல ஆலோசனைக்கான டெலி மானஸ் எண்ணான 14416க்கோ அழைக்கலாம். குடிக்கிறவர்தான் பேச வேண்டும் என்பதில்லை, வீட்டில் யார் வேண்டுமானாலும் பேசலாம். முடிந்தால் காலையில், அவர் தெளிவாக இருக்கும் நேரத்தில், அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அழையுங்கள்.